மூச்சை அளந்த கடுக்காய்க் கரி

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் என் பேராசிரியை என் கையில் வைத்தது சுண்டுவிரல் உயரமுள்ள ஒரு கண்ணாடிக் குப்பி. அதன் அடியில் கொஞ்சம் கறுப்புத் தூள் இருந்தது. வெளிநாட்டிலிருந்து அவருடைய நண்பர் ஒருவர் கொடுத்தனுப்பியது. நிலக்கரியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வகை. பார்க்க எங்கள் வீட்டு அடுப்புக்கரியைப் பொடித்தது போலத்தான் இருந்தது.

"கொட்டிடாதே. இது தீர்ந்தா நம்ம வேலையும் தீர்ந்துச்சு" என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில், சென்னையில். கள்ளக்குறிச்சியிலிருந்து போய் ஹாஸ்டலில் தங்கி இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் பன்னிரண்டாவது வரை படிப்பதே பெரிது என்றிருந்த காலம். நான் அதைத் தாண்டிப் போனதற்கு நாங்கள் அத்தா என்று கூப்பிடும் அப்பாதான் காரணம். அவருக்கு என் படிப்பின் மேல் இருந்தது பெருமை என்று சொல்ல மாட்டேன். அது ஆவல். நான் என்னதான் படிக்கிறேன் என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியாது.

அந்தக் கறுப்புத் தூள் ஆக்ஸிஜனை உணரும். எப்படி என்று கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். கரிக்குள் ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் ஏராளம். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். ஒரு பெரிய காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே கரியை வைத்து, அதன் மேல் மைக்ரோ அலையைச் செலுத்திக்கொண்டே காந்தப் புலத்தை மெதுவாகக் கூட்டினால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் குட்டிக் காந்தங்கள் அந்த அலையை விழுங்கும். அந்த இடத்தில் கருவியின் பேனா காகிதத்தில் மேலே ஏறிக் கீழே இறங்கி ஒரு கோடு வரையும். இதற்குக் காந்த ஒத்ததிர்வு என்று பெயர். ஆக்ஸிஜனும் காந்தத் தன்மை உள்ளதுதான். கரியின் நுண்துளைகளில் அது புகுந்து எலெக்ட்ரான்களை இடித்துக்கொண்டே இருந்தால் ஒல்லியாக நிமிர்ந்திருந்த கோடு குட்டையாகி அகன்றுவிடும். ஆக்ஸிஜனை வெளியே இழுத்துவிட்டால் மறுபடி ஒல்லியாகும். எவ்வளவு அகன்றது என்று அளந்தால் எவ்வளவு ஆக்ஸிஜன் என்று தெரிந்துவிடும்.

இதை உடம்புக்குள் அளக்க வேண்டும் என்பதுதான் பேராசிரியையின் ஆசை. ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும் புற்றுக்கட்டி கதிர்வீச்சுக்கு அவ்வளவாக மசியாது. எந்தக் கட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல அப்போது எளிய வழி இல்லை. கட்டிக்குள் ஒரு துளி கரியை வைத்துவிட்டால், அது உள்ளேயிருந்து சொல்லும்.

குப்பியில் இருந்த தூள் அந்த வருடமே தீர்ந்துவிட்டது. நண்பரிடம் மறுபடி கேட்டதற்குத் தன்னிடமும் இல்லை என்றுவிட்டார்.

"கரிதானே? நாமளே செய்யலாம்" என்றார் பேராசிரியை. "காட்டுல, தோட்டத்துல எது கிடைச்சாலும் எடுத்துட்டு வா. சுட்டுப் பாப்போம்."

நான் சர்க்கரையிலிருந்து தொடங்கினேன். கண்ணாடிக் குழாய்க்குள் போட்டு, நைட்ரஜன் வாயுவை ஓடவிட்டு, மின் உலையில் அறுநூறு டிகிரி வரை சூடாக்குவேன். காற்றுப் படாமல் சுட்டால் சாம்பலாகாமல் கரியாக நிற்கும். சர்க்கரை பொங்கிக் குழாயை அடைத்துக்கொண்டது. உடைத்து எடுத்து அளந்தால் அழகான கோடு வந்தது. காற்றை விட்டால் அசையவேயில்லை. அடுத்தது தேங்காய்ச் சிரட்டை. பிறகு தச்சுப் பட்டறையில் அள்ளிவந்த தேக்குச் சீவல், பருத்திக் கொட்டை, ஹாஸ்டல் வாசலில் விழுந்து கிடந்த வாதாங்கொட்டை. எல்லாவற்றிலும் கோடு வந்தது. எதுவும் காற்றைச் சட்டை செய்யவில்லை, செய்தாலும் இம்மி அளவு.

வாரா வாரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசுவேன். அத்தாவுக்கு மலைச்சரக்கு வியாபாரம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கடுக்காய், புளி, பூந்திக்கொட்டை, சீயக்காய், தேன் இவற்றை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்புவார். கடைக்குப் பின்னால் குடோன். நான் கரி சுடும் கதையைச் சொன்னதும் அத்தா கேட்டார்.

"கரி சுடறதுக்கா மெட்ராஸ் போயிக்கீற?"

"ஆமாத்தா. காத்த மோப்பம் புடிக்கிற கரி."

"எல்லாக் கரிக்கும் மூக்கு இருக்காதா?"

"இருக்க மாட்டேங்குதே. அதான் தேடிக்கினு இருக்கேன்."

"சரி, நம்ம குடோன்ல எத்தினி காயி கெடக்குது! ஒண்ணொண்ணா அனுப்பறேன். சுட்டுப் பாரு" என்றார்.

அடுத்த வாரமே பஸ் பார்சலில் துணிப்பைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: புளியங்கொட்டை, பூந்திக்கொட்டை, கடுக்காய். கடுக்காயின் சதையைத் தட்டி உதிர்த்துவிட்டு உள்ளே இருக்கும் கொட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன். சதை மிருதுவாகி, சுலபமாகப் பிரிந்து வந்தது. கொட்டைகள் கொஞ்சம் கறுத்திருந்தன. அது அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தேன்.

புளியங்கொட்டை ஏமாற்றியது. பூந்திக்கொட்டையும் அப்படியே. கடுக்காய்க் கொட்டையைச் சுட்டுப் பொடித்து மெல்லிய குழாயில் போட்டு, பம்பு வைத்துக் காற்றை இழுத்தேன். பேனா காகிதத்தின் மேல் விளிம்பு வரை போய்த் திரும்பியது. அவ்வளவு ஒல்லியான, அவ்வளவு உயரமான கோட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு திருகைத் திறந்து காற்றை உள்ளே விட்டேன். அடுத்த முறை பேனா நடந்தபோது அந்தக் கோடு பாதிக்கும் கீழே படுத்து அகன்றுவிட்டது. மறுபடி காற்றை இழுத்தேன். நிமிர்ந்தது. விட்டேன். படுத்தது. எத்தனை முறை செய்தேன் என்று நினைவில்லை. பேராசிரியையின் அறைக்கு ஓடிப்போய் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தது மட்டும் நினைவிருக்கிறது. அவர் தானே திருகைத் திறந்து மூடிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"எது இது?"

"கடுக்காய் மேடம். எங்க அத்தா அனுப்பினது."

"நிறைய அனுப்பச் சொல்லு."

அத்தாவிடம் போனில் சொன்னதும் அவர் கத்திய கத்தலில் கடையில் இருந்தவர்கள் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார்களாம். அடுத்த பார்சல் ஒரு சின்ன மூட்டையாகவே வந்தது. பொன்னிறக் கடுக்காய், ஒவ்வொன்றும் நல்ல கனம். சுத்தியலால் தட்டினால்தான் உடைந்தது. இதுவே இவ்வளவு நன்றாக இருக்கிறதே, கரி இன்னும் அருமையாக வரும் என்று நினைத்துச் சுட்டேன்.

கோடு வந்தது. பம்பு போட்டேன். காற்றை விட்டேன். கோடு அசையவில்லை.

முதலில் உலையைச் சந்தேகப்பட்டேன். வெப்பமானியை மாற்றினேன். பிறகு நைட்ரஜன் சிலிண்டரை மாற்றினேன். குழாயில் ஓட்டை இருக்குமோ என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். மெதுவாகச் சூடாக்கினேன், வேகமாகச் சூடாக்கினேன். ஐந்நூறில் நிறுத்தினேன், எழுநூறு வரை போனேன். முதல் பைக் கொட்டையைச் சுட்டதில் மிஞ்சியிருந்த கரியை எடுத்துக் கருவியில் வைத்தால் அது மட்டும் முன்பு போலவே காற்றைக் கண்டதும் படுத்தது. அப்படியென்றால் கருவியில் கோளாறு இல்லை. உலையிலும் இல்லை. கொட்டையில்தான் இருந்தது.

"ரெண்டும் கடுக்காய்தானா?" என்று பேராசிரியை கேட்டார்.

"ஒரே குடோன் மேடம்."

"அப்ப ஒரே மரமா இருக்காது. மண் வேறயா இருக்கலாம். மலையில எந்தப் பக்கத்துக் காய்னு கேட்டுட்டு வா. ஒரு தடவை வந்து மறுபடி வரலேன்னா அதை நாம எழுத முடியாது. யாரும் நம்ப மாட்டாங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவரும் அதை முழுதாக நம்பவில்லையோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. சித்திரை மாதம் ஊருக்கு வந்தேன். அத்தாவிடம் முதலில் அனுப்பியது எந்த மலைக்காரரின் காய் என்று கேட்டேன்.

"எல்லாம் வெள்ளிமலப் பக்கம்தான். வழக்கமாத் தர்ற வூடு" என்றவர், ஏனோ உடனே பேச்சை மாற்றி, "போயிப் பாத்துட்டு வரலாமா?" என்றார்.

காலையில் கச்சிராயபாளையம் போய், அங்கிருந்து மலை பஸ்ஸில் ஏறினோம். கரும்பு வயல்களும் கோமுகி அணையின் தண்ணீரும் கீழே போகப் போக, அத்தா ஜன்னலோரம் உட்கார்ந்து மரங்களைக் காட்டிக்கொண்டே வந்தார். இதைச் சுட்டியா, அதைச் சுட்டியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் இல்லை என்று சொன்னதையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் எனக்குப் பட்டைகளும் விதைகளும் வந்துகொண்டே இருந்தன.

அத்தாவுக்குக் காய் தரும் குடும்பம் வெள்ளிமலையிலிருந்து கொஞ்சம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. வீட்டுக்கார அம்மா எங்களைப் பார்த்ததும், "வாங்க பாய், பொண்ணா?" என்று பாயை விரித்துப் போட்டார். மரத்தில் காய் முடிந்திருந்தது. பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிக் காட்டினார்.

"அக்கா, மொதல்ல குடுத்த காயும் அப்பறம் குடுத்த காயும் வேற வேற மரமா?" என்று கேட்டேன்.

"ஏன், காயில ஏதாச்சும் குத்தமா?"

"குத்தமெல்லாம் இல்லக்கா. ஒண்ணு நல்லா வேலை செய்யுது, ஒண்ணு செய்யல."

"மூணு மரந்தான் இருக்கு, கொல்லையில. ரெண்டு தபாவும் அதுலதான் பொறுக்கினோம்" என்றார். என்னைக் கூட்டிப்போய் மூன்றையும் காட்டினார். மூன்றின் அடியிலிருந்தும் மண்ணை எடுத்துக்கொண்டேன். பழைய காய்கள் சிலவற்றையும் பொறுக்கிக்கொண்டேன். எதற்கு மண் என்று அவர் கேட்டார். சொன்னேன். "காய்க்கு மண்ணோட ருசி இருக்கும்னு பாக்கறீங்க" என்றார். ஆமாம் என்றேன். அன்று நானும் அதைத்தான் நம்பினேன்.

வெள்ளிமலைக்குத் திரும்பி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கோடை மழை பிடித்துக்கொண்டது. டீக்கடைக்குள் ஒதுங்கினோம். வெளியே யாரோ இறக்கி வைத்திருந்த புளி மூட்டைகள் நனைந்தன. டீயை அப்படியே வைத்துவிட்டு அத்தா ஓடிப்போய், மூட்டைக்காரரோடு சேர்ந்து அவற்றை உள்ளே இழுத்தார். சட்டையெல்லாம் ஈரமாக வந்து உட்கார்ந்தார்.

"உங்க சரக்கு இல்லியேத்தா?"

"யார் சரக்கா இருந்தா இன்னா? தண்ணி பட்டா போச்சு. ஐப்பசி மழையில நம்ம குடோன்ல பூந்துச்சே, அப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடுக்கா மூட்ட ரெண்டு அப்படியே தண்ணிக்குள்ள கெடந்து ஊறிப் போச்சு. கண்டுபுடிக்கறதுக்குள்ள—"

அங்கே நிறுத்திக்கொண்டார். டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"ஐப்பசியா? எனக்கு மொத பார்சல் அனுப்புனது அதுக்கு அப்பறம்தானே?"

"இருக்கும்."

"அத்தா."

"இன்னா?"

"எனக்கு எந்தக் கடுக்காய அனுப்புனீங்க?"

காலி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீ அத்த நெருப்புல போட்டுக் கரியாக்கப் போறேன்ன. நல்ல காயப் போயி கரியாக்குறதுக்குக் குடுக்க எனக்கு மனசு வர்லம்மா. எப்படியும் வீணாப் போனதுதானேன்னு ஊறுன மூட்டையில இருந்து எடுத்துக் காய வெச்சி அனுப்புனேன். அப்பறம் நீ போன் பண்ணி, நல்லா வந்துச்சு, அதுதான் எல்லாத்தையும் விட ஒசத்தின்னு சொன்ன. எனக்கு வெக்கமாப் போச்சு. பொண்ணு படிப்புக்குப் போயி அழுகுனத அனுப்பிட்டோமேன்னு, அடுத்த தபா முதல் தரமாப் பொறுக்கி அனுப்புனேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டேனோ என்று பார்த்தார். நான் சிரிப்பை நிறுத்த முடியாமல் தவிப்பதைக் கண்டதும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப இன்னா, அழுகுனதுக்குத்தான் மூக்கு இருக்குதா?"

"தெரியலத்தா. ஊறுனதாலயா, அழுகுனதாலயா, பாக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் முதல் தரக் கடுக்காயில் ஒரு பங்கைக் குடோன் வாளியில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டோம். அத்தா தினமும் போய் முகர்ந்து பார்த்தார். தண்ணீர் மை போலக் கறுத்தது. அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவோம். அதுவும் கறுக்கும். கடைசியில் தண்ணீர் ஓரளவு தெளிந்து நின்றபோது கொட்டைகளை எடுத்து உலர்த்திச் சென்னைக்குக் கொண்டுபோனேன். ஊறியது ஒரு குழாய், ஊறாதது ஒரு குழாய். இரண்டையும் ஒரே உலையில், அருகருகே சுட்டேன்.

ஊறாதது அசையவில்லை. ஊறியது காற்றைக் கண்டதும் படுத்தது.

பேராசிரியை இரண்டு கரியையும் எடுத்து, திறந்த தீயில் சாம்பலாகும் வரை எரித்து, எடை போடச் சொன்னார். ஊறாத கொட்டையில் சாம்பல் கணிசமாக இருந்தது. ஊறியதில் தூசி போலக் கொஞ்சம்.

"உப்பு" என்றார். "பொட்டாசியம், கொஞ்சம் இரும்பும் இருக்கலாம். அதோட சுட்டா துளையெல்லாம் கெட்டுப் போகுது. இரும்பு இருந்தா கோட்டையே கெடுத்துடும். தண்ணில ஊறினா எல்லாம் கரைஞ்சு வெளிய வந்துடுது. உங்கப்பா குடோன் நமக்காக நனைஞ்சிருக்கு."

அதோடு என்னை விட்டுவிடவில்லை. கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்தால் எப்படி, காய்ச்சி வடித்த நீரில் எப்படி, லேசான அமிலத்தில் எப்படி, அழுகவிடாமல் குளிரில் ஊறவைத்தால் எப்படி என்று எல்லாவற்றையும் செய்யச் சொன்னார். குளிரில் ஊறியதும் வேலை செய்தது. அதனால் அழுகியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. அமிலத்தில் ஊறியது எல்லாவற்றையும்விட நன்றாக வந்தது. அதன் பிறகு ஊறவைத்துச் சுட்ட புளியங்கொட்டைகூடக் கொஞ்சம் மசிந்தது. சர்க்கரை மட்டும் கடைசி வரை மசியவில்லை. அதற்கு ஏன் என்று இன்றும் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. அதில் உப்பே இல்லையே.

மழைக்காலத்துக்கு முன் அத்தா சென்னைக்கு வந்தார். சரக்கு விஷயமாக வந்ததாகச் சொன்னார். ஆனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக ஆய்வகத்துக்குத்தான் வந்தார். கருவி இருந்த அறையில் காந்தத்துக்குப் பக்கத்தில் போவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னேன். இரண்டு இரும்பு முனைகளுக்கு நடுவே நின்ற சிறிய குழாயைக் குனிந்து பார்த்தார்.

"இவ்ளோதானா? நான் ஒரு மூட்டையில்ல அனுப்புனேன்!"

காற்றை இழுத்தும் விட்டும் காட்டினேன். பேனா ஏறியதையும் படுத்ததையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்.

"நான் ஊதுனா தெரியுமா?"

நான் பேராசிரியையைப் பார்த்தேன். அவர் கண்ணில் அதே ஆவல். "ஏன் தெரியாது? செஞ்சிடலாமே" என்று தன் அறைக்குப் போய், ஏதோ பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய பலூன்களை எடுத்துவந்தார். மூச்சில் ஈரம் இருக்கும் என்பதால், ஈரத்தை உறிஞ்சும் நீலமணிகள் நிரம்பிய குழாயை நடுவில் வைத்தோம். அத்தா பலூனை ஊதிக் கொடுத்தார். அதன் வாயை ரப்பர் குழாயில் மாட்டி, அவர் மூச்சைக் கரியின் மேல் ஓடவிட்டேன்.

கோடு சாதாரணக் காற்றில் வந்ததைவிடக் கொஞ்சம் உயர்ந்து, கொஞ்சம் ஒல்லியாக வந்தது.

"கம்மியாச்சா?"

"ஆமா. உள்ள இழுத்ததுல கொஞ்சத்த உங்க உடம்பு எடுத்துக்கிச்சு. மிச்சத்தத்தான் வெளிய வுட்டீங்க."

"அப்ப ரொம்ப நேரம் அடக்கி வெச்சிருந்து ஊதுனா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நெஞ்சு நிரம்ப இழுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்தது. கண்கள் என்னையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தன. "போதும்த்தா, வுடுங்க" என்றேன். கையசைத்து என்னை அடக்கினார். கடைசியில் பலூனை வாயில் வைத்து முழுவதையும் ஊதிவிட்டு, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

இந்த முறை கோடு நன்றாகவே நிமிர்ந்தது. மூன்று கோடுகளையும் ஒரே காகிதத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்து அவரிடம் காட்டினேன். அகலமானது அறைக் காற்று. நடுவில் இருப்பது சும்மா விட்ட மூச்சு. ஒல்லியானது அடக்கி வைத்த மூச்சு. அவர் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துத் தடவினார்.

"நான் தின்னது போவ மிச்சம்" என்றார் ஒல்லியான கோட்டைக் காட்டி.

பிறகு பேராசிரியையைப் பார்த்து, "நீங்களும் ஊதுங்க மேடம்" என்றார். அவர் ஊதினார். நான் ஊதினேன். மூச்சை அடக்குவதில் அத்தாதான் ஜெயித்தார். அன்று மதியம் நாங்கள் மூவரும் செய்த வேலை எந்தக் கட்டுரையிலும் இடம்பெறவில்லை.

கட்டுரை அடுத்த வருடம் வெளிவந்தது. மயக்க மருந்து கொடுத்த எலியின் தொடைத் தசையில் ஒரு பொட்டுக் கரியை வைத்து அளந்தோம். காலை மேலே இறுக்கிக் கட்டினால் கோடு ஒல்லியாகும். அவிழ்த்துவிட்டால் அகலும். ரத்தம் கொண்டுவரும் ஆக்ஸிஜனை எலியின் தசைக்குள்ளிருந்து எங்கள் கடுக்காய் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் சில வாரங்கள் போனதும் அதன் பதில் மங்கத் தொடங்கியது. உடம்பிலுள்ள ஏதோ ஒன்று துளைகளை அடைத்துவிடுகிறது. ஆக்ஸிஜன் மட்டும் நுழையும் மெல்லிய சிலிக்கோன் உறையால் மூடிப் பார்த்தோம். இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. அதற்குள் வேறு நாட்டில் வேறு பொருட்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவை எங்களுடையதைவிடக் கூர்மையானவை. எங்கள் கரி மனித உடம்பு வரை போகவில்லை. நான் பட்டம் வாங்கி, ஒரு கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஒரு மூலையில் சின்ன உலை ஒன்றை வைத்துக்கொண்டு இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பல வருடங்கள் கழித்து அத்தாவுக்குச் சர்க்கரை நோயால் காலில் புண் வந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இளம் டாக்டர் ஒருவர் தினமும் காலையில் வந்து, அவர் கால் விரல்களை அமுக்கிவிட்டு, வெளுத்த இடம் சிவக்கிறதா என்று பார்ப்பார். ஒருநாள் அத்தா கேட்டார்.

"அமுக்கிப் பாக்கறீங்களே சார், இதுல இன்னா தெரியும்?"

"ரத்தம் வருதான்னு பாக்கறேங்க, பாய்."

"ரத்தம் வருது, சரி. ஆக்ஸிஜன் எவ்ளோ வருதுன்னு தெரியுமா?"

டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "அதை அவ்வளவு சுலபமா அளக்க முடியாதுங்க."

"முடியும். கரி வெச்சிப் பாக்கலாம். கடுக்காக் கரி. தண்ணில ஊறப் போட்டு, காத்துப் படாம சுடணும்."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். டாக்டர், காய்ச்சலில் பேசுகிறாரோ என்பது போல என்னைப் பார்த்தார். "சொல்லும்மா" என்றார் அத்தா.

நான் சொன்னேன். முதலில் சுருக்கமாகத்தான் ஆரம்பித்தேன். டாக்டர் பாதியிலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு ஆழம் வரை அளக்கலாம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அளக்க முடியுமா, புண்ணின் ஓரத்தில் ஒரு துளி வைத்தால் எந்த விரல் பிழைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நர்ஸ் அடுத்த படுக்கைக்கு வரும்படி இரண்டு முறை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

"மனுஷங்களுக்கு வெச்சுப் பாத்திருக்கீங்களா மேடம்?"

"எங்க கரிய இல்லைங்க. எலி வரைக்கும்தான். பத்திரமானதுன்னு நிரூபிக்க நெறைய வேலை பாக்கி இருக்கு."

"இன்னா பாக்கி? என் காலு இருக்குதே" என்றார் அத்தா, போர்வையை விலக்கி. "ஒரு பொட்டு வைய்யி. வர்ற வரைக்கும் வரட்டும்."

முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். விளக்கினேன். ஒத்துக்கொள்ளவில்லை. அன்று பகல் முழுவதும் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாயந்திரம் டாக்டர் மறுபடி வந்தார், இந்த முறை வெள்ளைக் கோட்டு இல்லாமல், வேலை முடித்து வீட்டுக்குப் போகும் வழியில். மருத்துவமனையின் மற்ற டாக்டர்களுக்கு இதைப் பற்றி ஒருநாள் பேச முடியுமா என்று என்னைக் கேட்டார்.

அத்தாவுக்கு ஒரு விரல் போனது. கால் தப்பித்தது. நான் பேசப் போன நாளன்று அவர் கட்டுப் போட்ட காலோடு ஆட்டோ பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்ததும் டாக்டர்களுக்கு முன்னால் அவர்தான் கையைத் தூக்கினார்.

"நீ மொதல்ல சுட்ட அந்தச் சக்கரக் கரி ஏன் வேல செய்யலன்னு நீ இன்னும் சொல்லவேல்லியே" என்றார்.